மூன்றா, ஆறா

ஞாயிறு மலரில் எனக்கு அறுநூறு சொல்.
பதினோரு வருடமாக அதே அறுநூறு.
பாகாயம் பஸ் ஏன் வராமலே இருந்து மூன்றாய் வருகிறது,
குக்கர் விசிலை எண்ணுவதில் என்ன பிசகு,
ரேஷன் கடையில் பக்கத்து வரிசை மட்டும் ஏன் நகர்கிறது
என்றெல்லாம் எழுதியிருக்கிறேன்.
நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை என்று
தொடங்குவதில்லை.
அது ஒன்றுதான் என் வைராக்கியம்.

கடிதங்கள் வரும்.
நட்சத்திரப் பொருத்தத்தை நிகழ்தகவால் நிரூபிக்கச் சொன்னார்
குடியாத்தத்திலிருந்து ஒருவர்.
மகளுக்கு ஏழு வரன் தட்டிப்போயிருந்தது.
படத்தில் என் நெற்றி ஏன் வெறுமையாக இருக்கிறது
என்று மட்டும் கேட்டார் இன்னொருவர்.
பதிலுக்குக் கார்டும் வைத்திருந்தார்.

மாசியில் குரோமியம் பற்றி எழுதினேன்.
உலோகம் ஒன்று, குணம் இரண்டு,
எண் போட்டுக் கூப்பிடுவோம் என்று விளக்கிவிட்டு
‘மூன்று தோலைப் பதப்படுத்தும்,
ஆறு ஆளைப் பதம் பார்க்கும்’
என்று முடித்தேன்.
அன்றிரவு சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.
ஆசிரியர் அந்த வரியைக் கட்டம் கட்டிப் போட்டார்.

பேரணாம்பட்டிலிருந்து ஓர் இன்லேண்டு லெட்டர்.
‘அம்மா, நீங்க எழுதுனத டீக்கடையில படிச்சாங்க.
நல்லா இருந்துச்சு, எல்லாரும் சிரிச்சோம்.
எனக்கு இருபத்திரெண்டு வருசமா தோல் ஷாப்பு வேலை.
என் கையில இருக்கறது மூணா, ஆறா?
இப்படிக்கு, சூ. ஏசுபாதம்.’
சொல்லச் சொல்ல எழுதியவள் கீழே
பென்சிலில் ஒரு வரி சேர்த்திருந்தாள்:
அப்பா இப்போது ஸ்பூனில்தான் சாப்பிடுகிறார்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன்.
பையில் நான்கு பாட்டில், ஒரு சொட்டுக்குப்பி.
ஆறு இருந்தால் ஊதா காட்டும் மருந்து.
முதலாளி இல்லாத நேரம் பார்த்துப்
பின்கதவு வழியே கூட்டிப்போனார்.
டிரம்மில் வடிந்த தண்ணீர்,
கால்வாய், கை கழுவும் தொட்டி,
கடைசியாக அவர் வீட்டுக் கிணறு.
சொட்டுச் சொட்டாக விட்டேன்.
மகள் ஜெபசெல்வி செல்போன் வெளிச்சம் பிடித்தாள்.
மூன்று பேரும் ஊதாவுக்காகக் காத்திருந்தோம்,
அது வர வேண்டும் என்பது போல.

வரவில்லை. எதிலும் வரவில்லை.

‘மூணுதான்’ என்றேன்,
பாஸ் என்று ரிசல்ட் சொல்கிற குரலில்.
அவர் தலையாட்டினார்.
ஆட்டியபடியே இரண்டு கையையும்
மேசைமேல் மலர்த்தி வைத்தார்.
ரேகை இருக்க வேண்டிய இடமெல்லாம் வெடிப்பு.
ரேஷன் கடை மிஷின் இந்த விரலை ஏற்பதில்லையாம்.
மூன்று தடவை துடைத்துத் துடைத்து வைப்பாராம்,
பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்களாம்.
நகராத வரிசை பற்றி நான் எழுதினேனே,
அதன் முதல் ஆள் இவர்.

‘டிரம்மில் எத்தனை மணி நேரம்?’
‘டிரம் பக்கமே நான் போனதில்லம்மா.
எனக்குச் சுண்ணாம்புக் குழி.’
‘கையுறை?’
‘போட்டா உள்ள பூந்துக்கும்.
அப்புறம் உள்ளயே வேகும்.’

சுண்ணாம்பு ஏழாம் வகுப்புப் பாடம்.
அதில் புதிர் கிடையாது, இரட்டைப் பொருள் கிடையாது,
அறுநூறு சொல் தாங்காது என்று
பதினோரு வருடமாக நானே ஒதுக்கி வைத்தது.

ஆசிரியர் போனில் கேட்டார்:
வியாழனுக்குள் வேண்டும், போன தடவை மாதிரி
கடைசியில் ஒரு வரி நச்சென்று வைத்துவிடுங்கள்.
பார்க்கிறேன் என்றேன்.

பஸ் ஸ்டாப்புக்கு ஜெபசெல்வி கூட வந்தாள்.
‘பாகாயத்துக்கு மட்டும்தான் மூணு மூணா வருமா மேடம்?
இங்க ஒண்ணே வர்றதில்ல.’

நாற்பது நிமிடம் நின்றோம்.
அப்புறம் இன்னும் கொஞ்ச நேரம்.